கிண்டி குதிரையும் கோல்ஃப் பந்தும்: திறமை யாரோடது?

இன்னைக்கு எபிசோட் கோல்ஃப் பெட்டிங் பத்தி. "நமக்கும் கோல்ஃபுக்கும் என்னடா சம்பந்தம்"னு ஸ்கிப் பண்ணிடாதீங்க. உங்க போன்ல இருந்த ரம்மி ஆப்புக்கும், ஐபிஎல் சீசன்ல நீங்க 49 ரூபா கட்டி டீம் போட்ட ஆப்புக்கும் கோல்ஃபோட ஒரு பழைய சொந்தம் இருக்கு. அந்த சொந்தம் சென்னை கிண்டியில, குதிரைங்க ஓடுற இடத்துல ஆரம்பிக்குது.

2021 ஆகஸ்ட் முதல் வாரத்தை எடுத்துக்கலாம். ஆகஸ்ட் 7, சனிக்கிழமை காலையில, வாழ்க்கையில கோல்ஃபே பார்க்காத பல லட்சம் பேர் டிவி முன்னாடி உட்கார்ந்திருந்தாங்க. டோக்கியோ ஒலிம்பிக்ஸ், பெண்கள் கோல்ஃப், கடைசி ரவுண்டு. உலகத் தரவரிசையில 200-வது இடத்துல இருந்த பெங்களூரு பொண்ணு அதிதி அசோக், பதக்கத்துக்குப் பக்கத்துல நின்னாங்க. கடைசியில ஒரே ஒரு அடி வித்தியாசத்துல நாலாவது இடம். அன்னைக்கு சாயங்காலமே நீரஜ் சோப்ரா ஈட்டியில தங்கம் வாங்கினதால, காலையில நடந்தது நமக்கு மறந்தே போச்சு.

அதுக்கு நாலு நாள் முன்னாடி, ஆகஸ்ட் 3, சென்னை உயர் நீதிமன்றத்துல ஒரு தீர்ப்பு. பணம் வெச்சு ஆடுற ஆன்லைன் ரம்மியைத் தடை பண்ண தமிழ்நாடு அரசு கொண்டு வந்த சட்டத் திருத்தம் செல்லாதுன்னு சொல்லிட்டாங்க. ஆப் எல்லாம் மறுபடி திறந்தது.

இந்த ரெண்டையும் இணைக்கிறது 1996 ஜனவரி 12-ம் தேதி உச்ச நீதிமன்றம் கொடுத்த ஒரு தீர்ப்பு. டாக்டர் கே.ஆர். லட்சுமணன் எதிர் தமிழ்நாடு அரசு. வழக்கு குதிரைப் பந்தயம் பத்தினது. ஆனா அதுல அதிர்ஷ்ட ஆட்டம் எது, திறமை ஆட்டம் எதுன்னு பிரிச்சுச் சொல்ற இடத்துல, திறமை ஆட்டத்துக்கு உதாரணமா மூணு பேர் வருது. கோல்ஃப், செஸ், அப்புறம் ரம்மியும் கூட. கோல்ஃபும் செஸ்ஸும் இருக்கிற பந்தியில ரம்மிக்கும் ஒரு இலை போட்டாச்சு. அந்த இலையில யார் யாரெல்லாம் வந்து சாப்பிட்டாங்கங்கிறதுதான் இன்னைக்குக் கதை.

என் ஊர் ராதாபுரம். திருநெல்வேலி மாவட்டத்தோட தெக்கு ஓரம். ஒரு பக்கம் காத்தாடி, இன்னொரு பக்கம் கூடங்குளம், கடற்கரைப் பக்கம் போனா செம்மண் தேரி. கோல்ஃப் மைதானத்துல பந்து மாட்டிக்கிறதுக்குன்னே மணல் குழி வெட்டி வெப்பாங்க, பங்கர்னு பேரு. எங்க தேரியில எங்க நின்னாலும் பங்கர்தான். புல்லு வளர்க்கணும்னா ராதாபுரம் கால்வாய்ல கோதையாத்துத் தண்ணி வரணும். அது வர்ற லட்சணத்துக்கு நெல்லு வளர்க்கவே மனு கொடுக்கணும். ஆனா ஒரு அடி வித்தியாசத்துல தோக்குறதுன்னா என்னன்னு எங்களுக்கு யாரும் கோல்ஃப் வெச்சு சொல்லித்தர வேண்டாம். 2016 சட்டமன்றத் தேர்தல்ல எங்க தொகுதி 49 ஓட்டுல முடிஞ்சுது. மறு எண்ணிக்கை வழக்கு உச்ச நீதிமன்றம் வரைக்கும் போச்சு.

சரி, கோல்ஃப்ல பெட்டிங் எப்படி நடக்குது? இங்கிலாந்துல 1961-ல இருந்து தெருவுக்குத் தெரு சட்டப்படி பெட்டிங் கடை இருக்கு. குதிரை, ஃபுட்பால் மாதிரி கோல்ஃபுக்கும் அங்க ரேட் போடுவாங்க. கோல்ஃப்ல ஒரு பெரிய போட்டின்னா சுமார் 150 பேர் ஆடுவாங்க. நாலு நாள், நாலு ரவுண்டு. ரெண்டு நாள் முடிஞ்சதும் பாதிப்பேரை அனுப்பிடுவாங்க. மொத்தத்துல குறைஞ்ச அடியில முடிக்கிறவருக்குக் கோப்பை. கிரிக்கெட் மேட்ச்ல ரெண்டு டீம். இதுல 150 டீம் ஒரே மேட்ச் ஆடுற மாதிரி. அதனால யாரு மேல பணம் வெச்சாலும் பெரும்பாலும் போயிடும், வந்தா பெருசா வரும். 2003-ல பிரிட்டிஷ் ஓப்பனை ஜெயிச்ச பென் கர்ட்டிஸ் அப்போ உலகத் தரவரிசையில 396-வது இடம். அவர் ஆடின முதல் மேஜர் போட்டியே அதுதான். ஜெயிச்சது அவரோட திறமை, அதுல சந்தேகம் இல்ல. ஆனா அவர்தான் ஜெயிப்பார்னு முன்னாடியே பணம் கட்டினவனுக்கு என்ன திறமை இருந்துச்சுன்னு கேட்டா, எனக்குப் பதில் தெரியல.

பணம் கட்டினவனோட திறமை நிஜமாவே வேலை செஞ்ச ஒரு கதை இருக்கு. எனக்கு ரொம்பப் பிடிச்ச கதை, அதனால கொஞ்சம் நிதானமா சொல்றேன். 1991, இங்கிலாந்து, எசெக்ஸ் பக்கத்து ஆளுங்க ரெண்டு பேர். இவங்க யார் ஜெயிப்பாங்கன்னு பெட் கட்டல. "இந்தப் போட்டியில யாராவது ஒருத்தர் ஹோல்-இன்-ஒன் அடிப்பாங்களா?"ன்னு கட்டினாங்க. அதாவது முதல் அடியிலேயே பந்து நேரா குழிக்குள்ள. கேட்கும்போது அதிசயம் மாதிரி இருக்குல்ல? கடைக்காரங்களுக்கும் அப்படித்தான் இருந்துச்சு. பெரிய கம்பெனி கடைகளை விட்டுட்டு, இவங்க ஊர் ஊரா தனிக்கடையா தேடிப் போனாங்க. சில கடையில ஒண்ணுக்கு நூறு வரைக்கும் ரேட் கொடுத்தாங்க.

இப்ப ஒரு சின்னக் கணக்கு. கார்ல போறவங்க வண்டியை ஓரமா நிறுத்த வேண்டாம், மனசுலயே போடலாம். தொழில்முறை ஆட்டக்காரர் ஒருத்தர் சின்ன தூரக் குழியில ஹோல்-இன்-ஒன் அடிக்க வாய்ப்பு சுமார் 2500-ல ஒண்ணுன்னு பொதுவா சொல்வாங்க. ஒரு ரவுண்டுல அந்த மாதிரி சின்னக் குழி பொதுவா நாலு. முதல் ரெண்டு நாள் 150 பேர், நாலு குழி: 1200 அடி. அடுத்த ரெண்டு நாள் 75 பேர்: 600 அடி. மொத்தம் 1800 தடவை முயற்சி. 2500-ல ஒண்ணுங்கிற விஷயத்தை 1800 தடவை முயற்சி பண்ணா, ஒரு தடவையாவது நடக்க வாய்ப்பு பாதிக்குப் பாதி. காசு சுண்டுற மாதிரி. காசு சுண்டி பூ விழுந்தா நூறு மடங்கு தர்றேன்னு ஒரு கடைக்காரர் சொன்னா என்ன பண்ணுவீங்க?

அவங்களும் அதைத்தான் பண்ணாங்க. அஞ்சு பெரிய போட்டியைத் தேர்ந்தெடுத்து, தனித்தனியாவும் சேர்த்தும் பெட் கட்டினாங்க. அந்த வருஷம் அஞ்சுலயும் ஹோல்-இன்-ஒன் விழுந்துச்சு. மொத்தம் சுமார் 5 லட்சம் பவுண்டு. சில கடைக்காரங்க பணம் தர மாட்டேன்னுட்டாங்க. அவங்களை கோர்ட்டுக்கு இழுக்கவும் முடியாது, ஏன்னா அப்போ இங்கிலாந்துச் சட்டப்படி பெட்டிங் கடனை கோர்ட் மூலமா வசூல் பண்ண முடியாது.

இந்தக் கதையில கோல்ஃப் ஆடினவங்களுக்கு ஒரு திறமை இருந்துச்சு. பெட் கட்டினவங்களுக்கு வேற ஒரு திறமை இருந்துச்சு. ரெண்டும் வேற வேற. கட்டினவங்க கோல்ஃப் மட்டையையே தொட்டிருக்கத் தேவையில்ல. கடைக்காரருக்குத் தெரியாத கணக்கு அவங்களுக்குத் தெரிஞ்சுது, அவ்வளவுதான். அந்த ஓட்டையை அதுக்கப்புறம் அடைச்சாச்சு. இப்ப இருக்கிற பெட்டிங் கம்பெனிங்க அதைவிட ஒரு படி மேல. தொடர்ந்து ஜெயிக்கிற கணக்கைக் கண்டுபிடிச்சா, அந்த ஆள் கட்டக்கூடிய தொகையைக் குறைச்சுடுவாங்க, இல்லன்னா கணக்கையே மூடிடுவாங்க. திறமை ஆட்டம்னு விளம்பரம் பண்ற கடையில, திறமையைக் காட்டினா வெளிய அனுப்புவாங்க.

நம்ம ஊர் சட்டத்துக்கு வருவோம். 1872 இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 30. பந்தயம் கட்டி போடுற ஒப்பந்தம் செல்லாது, ஜெயிச்ச பணத்தைக் கேட்டு கோர்ட்டுக்கு வர முடியாது. நியாயமா ஒரு வரியில முடிய வேண்டிய பிரிவு. ஆனா கீழ ஒரு விதிவிலக்கு இருக்கு: 500 ரூபா, அல்லது அதுக்கு மேல பரிசு இருக்கிற குதிரைப் பந்தயத்துக்கு அந்தப் பரிசுத் தொகைக்காகப் பணம் போட்டா, அது மட்டும் சட்டவிரோதம் ஆகாது. 1872-ல 500 ரூபான்னா யோசிச்சுப் பாருங்க. அந்தப் பரிசுக்குக் குதிரை ஓட்டுனது யாரு, நம்ம முப்பாட்டனா?

கிண்டியில 1777-லயே குதிரை ஓட ஆரம்பிச்சாச்சு. இப்ப இருக்கிற மெட்ராஸ் ரேஸ் கிளப் 1896-ல உருவானது. அந்த ரேஸ் ட்ராக் வட்டத்துக்கு உள்ளேயே ஒரு கோல்ஃப் மைதானம், மெட்ராஸ் ஜிம்கானா கிளப்போடது. வெளிவட்டத்துல குதிரை, உள்வட்டத்துல கோல்ஃப். தீர்ப்புல இந்த ரெண்டும் ஒண்ணா உட்கார்ந்ததுக்கு இதுதான் காரணம்னு நான் சொல்ல வரல. ஆனா ஒரே ஆளுங்க, ஒரே கேட் வழியா போய் ஆடின ரெண்டு விளையாட்டு இது.

1930-ல வந்த மெட்ராஸ் சூதாட்டச் சட்டத்தைப் பாருங்க. பொது இடத்துல சீட்டு, பகடை ஆடினா குத்தம். வெளிப்படையா சேவல் சண்டை விட்டா குத்தம். குதிரைப் பந்தயத்துல, பந்தயம் நடக்குற அன்னைக்கு, அதுக்குன்னு ஒதுக்கின வளாகத்துக்குள்ள நின்னு பெட் கட்டினா அது சூதே இல்ல. சேவலுக்கு ஒரு சட்டம், குதிரைக்கு ஒரு சட்டம். எங்க ஊர்ப் பக்கத்துப் பெருசுங்ககிட்ட இதைச் சொன்னா, "குதிரைக்காரன் எழுதுன சட்டம்லா, பின்ன எப்படிலே இருக்கும்"னு ஒரே வரியில முடிச்சிருவாங்க.

இந்த விதிவிலக்கை எடுக்கணும்னு சுதந்திரம் வந்த கையோட முயற்சி நடந்துச்சு. 1949-லயே மெட்ராஸ் சட்டமன்றம் குதிரைப் பந்தய பெட்டிங்கையும் சூதுக்குள்ள சேர்த்து சட்டம் போட்டுச்சு. ஆனா அமல்படுத்தல. கால் நூற்றாண்டு அது அப்படியே அலமாரியில தூங்குச்சு. 1974-ல கலைஞர் ஆட்சியில தூசி தட்டி எடுத்தாங்க, கூடவே ரேஸ் பெட்டிங்கை ஒழிக்க புதுச் சட்டமும் வந்துச்சு. கிளப் உயர் நீதிமன்றம் போய்த் தோத்தது, அங்கிருந்து உச்ச நீதிமன்றம் போச்சு. வழக்கு அங்க தொங்கிட்டு இருக்கும்போதே, 1986-ல எம்.ஜி.ஆர். அரசு வேற ரூட் எடுத்துச்சு: கிளப்பையே அரசு எடுத்துக்கிறதா ஒரு சட்டம். ரெண்டு வழக்கும் சேர்ந்துதான் 1996-ல முடிவுக்கு வருது.

அதுக்கு முன்னாடி நீதிமன்றங்கள் வந்த பாதையை ரெண்டு நிமிஷத்துல பார்த்துடலாம். 1957-ல ஆர்.எம்.டி. சமர்பாக்வாலா வழக்கு. பத்திரிகையில வர்ற பரிசுப் போட்டி, குறுக்கெழுத்து மாதிரியான சமாச்சாரம். சூதாட்டம் ஒரு தொழிலே இல்ல, அதுக்கு அரசியல் சாசனத்துல தொழில் உரிமை கிடையாதுன்னு உச்ச நீதிமன்றம் சொல்லுச்சு. திறமைப் போட்டின்னா அந்த உரிமை உண்டு. அன்னையில இருந்து எல்லாரோட கவலையும் ஒண்ணே ஒண்ணு: என் ஆட்டத்தை எப்படித் திறமைப் பக்கம் தள்ளுறது? 1967-ல சத்தியநாராயணா வழக்குல ரம்மி தாண்டிடுச்சு. விழுந்த சீட்டை ஞாபகம் வெச்சு, எதைப் பிடிக்கணும் எதை விடணும்னு யோசிக்கணும், அதனால பெரும்பாலும் திறமை. மூணு சீட்டு தாண்டல.

1996-ல குதிரை தாண்டிடுச்சு. தீர்ப்போட வாதம் இப்படிப் போகுது: குதிரையோட வம்சம், பயிற்சி, ஜாக்கியோட எடை, கையாளுற விதம், ட்ராக்கோட நிலைமை, பழைய ரேஸ்ல எப்படி ஓடுச்சு, இதெல்லாம் கணிக்கக்கூடிய விஷயம். ரேஸ் ஒரு திறமைப் போட்டி. திறமைப் போட்டியில பெட் கட்டுறது 1930 சட்டத்துல சொல்ற சூது ஆகாது. 1986 சட்டம் தன்னிச்சையானது, செல்லாது. கிளப் ஜெயிச்சுது.

இந்த வாதத்துல எனக்கு உறுத்துற இடம் ஒண்ணு இருக்கு. ரம்மியில பணம் வெக்கிறவனும் ஆடுறவனும் ஒரே ஆள். குதிரையில அப்படி இல்ல. ஓடுறது குதிரை, ஓட்டுறது ஜாக்கி, பழக்குறது ட்ரெயினர், காசு போடுறது கேலரியில நிக்கிற நாம. ஓடுறவனோட திறமை, பேசிட்டே இருக்கும்போது பந்தயம் கட்டுறவனோட திறமையா மாறிடுச்சு. கட்டுறவனும் படிச்சு, அலசிதான் கட்டுறான்னு தீர்ப்பு சொல்லுது. சரி, படிக்கிறவங்க இருக்காங்க. அந்த எசெக்ஸ் ஆளுங்க மாதிரி.

ஆனா அதே தீர்ப்புல கிண்டியோட வரவுசெலவும் வருது. டோட்டுன்னு சொல்ற முறையில எல்லாரோட பணமும் ஒரே உண்டியல்ல விழும். அதுல 75 சதவீதம் ஜெயிச்சவங்களுக்கு, 20 சதவீதம் அரசுக்கு பெட்டிங் வரி, 5 சதவீதம் கிளப்புக்கு. ஒரு சராசரி ஆள், மத்தவங்களை விடக் கூடவும் இல்ல குறையவும் இல்லாத கணிப்பு உள்ளவர், 100 ரூபாயோட உள்ள போறார்னு வைங்க. முதல் சுத்துல சராசரியா 75 ஆகும். அதையே திருப்பிப் போட்டா 56. அப்புறம் 42. அப்புறம் 32. அஞ்சாவது ரேஸ் முடியும்போது கையில 24 ரூபா. பத்து ரேஸ் போனா 6 ரூபா கூட மிஞ்சாது, பஸ் காசு தனியா எடுத்து வெச்சிருக்கணும். உண்டியல்ல இருந்து லாபத்தோட வெளிய வரணும்னா பக்கத்துல நிக்கிறவனை விடக் கொஞ்சம் திறமையா இருந்தா பத்தாது, அந்த 25 சதவீதத்தைத் தாண்டுற அளவுக்குத் திறமை வேணும். அந்த உண்டியல்ல 20 ரூபா யாருக்குப் போச்சுன்னு கவனிச்சீங்களா? ரேஸை ஒழிக்கணும்னு உச்ச நீதிமன்றம் வரைக்கும் போன அதே அரசுக்கு.

அரசைப் பத்திப் பேசுறதால லாட்டரியையும் சொல்லிடணும். 1968-ல, அண்ணா முதலமைச்சரா இருந்தப்போ தமிழ்நாடு அரசு லாட்டரி ஆரம்பிச்சாங்க. விழுந்தா உன் வீட்டுக்கு, விழலைன்னா நாட்டுக்குங்கிற அர்த்தத்துல விளம்பரம். லாட்டரியில திறமைன்னு ஒரு பேச்சே கிடையாது, முழுக்க முழுக்க குலுக்கல். ஆனா அதுல யாரும் கைதாகல, ஏன்னா கடை அரசோடது. பின்னாடி வெளிமாநிலச் சீட்டும் வந்து குவிஞ்சுது. தினக்கூலி வாங்குறவங்க வீட்டுக்குப் போற வழியில பாதியை பஸ் ஸ்டாண்டு லாட்டரிக் கடையில விட்டுட்டுப் போறதை எங்க அப்பா தலைமுறை நேர்ல பார்த்திருக்கு. 2003 ஜனவரியில ஜெயலலிதா அரசு மொத்தமா தடை பண்ணுச்சு. கட்சி பேதம் இல்லாம, அதுக்கப்புறம் வந்த யாரும் அதைத் திரும்பக் கொண்டு வரல.

எங்க பக்கத்துக்கு அந்தத் தடை பாதிதான் வேலை செய்யும். நாகர்கோவில் தாண்டி களியக்காவிளை போனா கேரளா. இந்தப் பக்கம் புளியரை தாண்டினாலும் கேரளா. அங்க 1967-ல இருந்து அரசு லாட்டரி ஓடுது, இன்னைக்கும் தினமும் குலுக்கல். அந்தக் குலுக்கல் முடிவோட கடைசி மூணு இலக்கத்தை வெச்சு இங்க திருட்டுத்தனமா நடக்குறதுதான் மூணு நம்பர் லாட்டரி. தென்மாவட்டத்துப் பேப்பரைப் புரட்டினா வாரத்துக்கு ஒரு கைதுச் செய்தி இருக்கும். இந்த ஐடியாவும் புதுசு இல்ல. நியூயார்க் பஞ்சு மார்க்கெட் விலையோட கடைசி இலக்கத்துல பம்பாய்க்காரங்க பெட் கட்டினதுதான் பின்னாடி மட்காவா மாறுச்சு. பஞ்சு விலை வர்றது நின்னு அறுபது வருஷத்துக்கு மேல ஆச்சு, வேலூர்ப் பக்கம் இன்னும் அதுக்குப் பேரு காட்டன் சூதாட்டம்தான்.

சரி, 1996-ல போட்ட இலைக்குத் திரும்புவோம். ஸ்மார்ட்போன் வந்ததும் பந்திக்கு ஆள் வர ஆரம்பிச்சாங்க. 2017-ல பஞ்சாப்-ஹரியானா உயர் நீதிமன்றத்துல ஃபேன்டசி கிரிக்கெட் ஆப் பத்தி ஒரு வழக்கு. நம்ம கிண்டி தீர்ப்பைக் கையில வெச்சுத்தான், டீம் தேர்ந்தெடுக்கிறது திறமைன்னு முடிவாச்சு. குதிரையோட வம்சம், எடை, ட்ராக் பார்க்கிறது திறமைன்னா, பவுலரோட ஃபார்ம், பிட்ச் பார்க்கிறதும் திறமைதானே? தர்க்கம் சரியாத்தான் இருக்கு. அதுதான் பிரச்சனையே. ஒரு வாசல்ல ஒரு குதிரை நுழைஞ்சா, அதே அளவுள்ள எதையும் தடுக்க முடியாது.

ரம்மி ஆப்பும் அப்படித்தான். நான் சாஃப்ட்வேர்ல இருக்கிறவன், இந்த ஆப் எல்லாம் எப்படிக் கட்டியிருப்பாங்கன்னு ஒரு அளவுக்கு யூகிக்க முடியும். 1967-ல நீதிபதிங்க பார்த்த ரம்மி, கிளப்புல நாலு பேர் உட்கார்ந்து ஆடுறது. கை வலிச்சா நிறுத்துவாங்க, பாக்கெட் காலியானா எழுந்து போவாங்க, எதிர்ல உட்கார்ந்திருக்கிற அண்ணாச்சி "போதும்டே, வீட்டுக்குப் போ"ன்னு சொல்ல வாய்ப்பு உண்டு. போன்ல அந்த அண்ணாச்சி கிடையாது. ராத்திரி ரெண்டு மணிக்கும் டேபிள் திறந்திருக்கும், யூபிஐ ஒரு தட்டுல பணம் போடும், தோத்தா அடுத்த நிமிஷம் போனஸ் அனுப்பி "திரும்பி வா"ன்னு நோட்டிபிகேஷன் வரும். திருக்குறள்ல சூதுக்குன்னே ஒரு அதிகாரம் இருக்கு; அதோட முதல் குறள், சூதுல வர்ற வெற்றியைத் தூண்டில்ல மாட்டின இரைக்கு ஒப்பிடுது. வெல்கம் போனஸ்னு இதுக்கு ஒரு டீம், ஒரு டேஷ்போர்டு, மாச டார்கெட் எல்லாம் இப்ப இருக்கு.

சீட்டு அதேதான், ஆட்டத்துல திறமை இருக்குங்கிறதும் அதேதான். ஆனா ஆபத்து ஆட்டத்துல இல்ல, வேகத்துலயும் நேரத்துலயும் இருக்கு. திறமையா அதிர்ஷ்டமாங்கிற கேள்வி அதைத் தொடவே இல்ல. இதுக்கு நடுவுல, கடன் வாங்கி ஆடி உயிரை விட்டவங்க செய்தி தமிழ்நாட்டுல வரிசையா வந்துச்சு. போலீஸ்காரங்க, ஐடி வேலையில இருந்தவங்க, காலேஜ் பசங்க. அதுக்கு அப்புறம்தான் 2020 நவம்பர்ல அவசரச் சட்டம், 2021-ல சட்டத் திருத்தம். ஆகஸ்ட் 3-ம் தேதி அது விழுந்துச்சு: திறமை ஆட்டத்தை மொத்தமா தடை பண்றது அளவுக்கு மீறினதுன்னு சொன்னாங்க.

அரசு விடல. நீதிபதி சந்துரு தலைமையில 2022-ல குழு, அதே வருஷம் அக்டோபர்ல மறுபடி அவசரச் சட்டம். சட்டமன்றம் மசோதாவை நிறைவேத்தினா ஆளுநர் மாசக்கணக்குல வெச்சிருந்து 2023 மார்ச்ல திருப்பி அனுப்பினார், மறுபடி நிறைவேத்தினாங்க, ஏப்ரல்ல கையெழுத்து ஆச்சு. அதே வருஷம் நவம்பர்ல உயர் நீதிமன்றம் சட்டத்தைப் பெருமளவு ஏத்துக்கிட்டு, ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட ஆட்டம்னு பட்டியல் போட்டதை மட்டும் வெட்டிடுச்சு. 1967 இன்னும் உயிரோட இருந்துச்சு. அப்போ தமிழ்நாடு கொஞ்சம் புத்திசாலித்தனமா ஒண்ணு பண்ணுச்சு. திறமையான்னு கேக்கிறதை விட்டுட்டு, நேரத்தைப் பிடிச்சுது. நடுராத்திரி 12-ல இருந்து காலை 5 வரை பணம் வெச்சு ஆடுற டேபிள் திறக்கக் கூடாது, ஆதார் வெச்சு ஆளைச் சரிபார்க்கணும்னு விதி. 2025 ஜூன்ல உயர் நீதிமன்றம் அதைச் சரின்னு சொல்லிடுச்சு. என்னைக் கேட்டா, இந்த எழுபது வருஷக் கதையில ஆட்டத்தோட பேரைப் பார்க்காம ஆடுறவனைப் பார்த்து எழுதின விதி இதுதான்.

அது நின்னு பேர் வாங்க நேரம் கிடைக்கல. ரெண்டே மாசத்துல, 2025 ஆகஸ்ட்ல, மத்திய அரசோட ஆன்லைன் கேமிங் சட்டம் வந்துச்சு. பணம் கட்டி ஆடுற ஆன்லைன் ஆட்டம் எதுவா இருந்தாலும் தடை. திறமையா, அதிர்ஷ்டமா, ரெண்டும் கலந்ததாங்கிற கேள்வியே வேண்டாம்னு சட்டத்துலயே எழுதிட்டாங்க. ஆடுறவங்களுக்குத் தண்டனை இல்ல, நடத்துறவங்களுக்கு மூணு வருஷம் வரை ஜெயில், ஒரு கோடி வரை அபராதம். ஃபேன்டசி ஆப்ல பணப் போட்டி ஒரே வாரத்துல நின்னுச்சு. கம்பெனிங்க கோர்ட்டுக்குப் போயிருக்காங்க. வெளிநாட்டுல சர்வர் வெச்சு, நியூஸ் சைட் மாதிரி பேர் வெச்சு விளம்பரம் பண்ற பெட்டிங் கடைங்க மட்டும் இந்தச் சட்டத்துக்கு முன்னாடியும் சட்டவிரோதம்தான், பின்னாடியும் சட்டவிரோதம்தான். ஒரு கோல்ஃப் போட்டியில உங்க 500 ரூபாயை வாங்கிக்க அவங்க இன்னைக்கும் தயார். ஜெயிச்சும் பணம் வரலைன்னா கேக்கிறதுக்கு, 1991-ல அந்த எசெக்ஸ் ஆளுங்களுக்கு இருந்த அளவு வழி கூட உங்களுக்கு இல்ல. அவங்களுக்காவது போய்த் திட்டுறதுக்கு ஒரு கடை வாசல் இருந்துச்சு.

கிண்டி என்ன ஆச்சுன்னு சொல்லிட்டு முடிக்கிறேன். 1949, 1974, 1986-ன்னு மூணு சட்டம் போட்டும் முடியாத அரசு, 2024-ல சூதுங்கிற வார்த்தையே இல்லாம வந்துச்சு. ஜூன்ல ஊட்டி ரேஸ் கோர்ஸ் நிலத்தை, வாடகை பாக்கின்னு சொல்லித் திருப்பி எடுத்தாங்க. செப்டம்பர்ல கிண்டி. 1945-ல 99 வருஷத்துக்குக் கொடுத்த குத்தகையை ரத்து பண்ணி, சுமார் 160 ஏக்கர். பாக்கி 730 கோடிக்கு மேலன்னு கணக்கு காட்டினாங்க. அங்க பூங்கா வரும்னு அறிவிச்சாங்க. ரேஸ் கிளப் கோர்ட்டுக்குப் போச்சு. கேட்டைப் பூட்டினதுல உள்வட்டத்து கோல்ஃப் மைதானத்துக்குப் போற வழியும் அடைஞ்சுது, ஜிம்கானா கிளப்பும் தனியா ஒரு வழக்கோட வந்து நின்னுச்சு.